உமிக்கரி வேறு, உமிச்சாம்பல் வேறு!
சிமென்ட்டில் கலக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நெல்லை ஆலைக்கு அனுப்பினால் அரிசி சந்தைக்குப் போகிறது. தவிடு எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. உமி, நெல் அவிக்கும் கொதிகலனின் அடுப்புக்குப் போகிறது. கடைசியில் மிஞ்சும் சாம்பலுக்குத்தான் போக்கிடம் கிடையாது. தஞ்சாவூர், திருவாரூர் பக்கமானாலும் சரி, காங்கேயம், ஆரணி பக்கமானாலும் சரி, புழுங்கல் அரிசி ஆலைகளுக்குப் பின்னால் கறுப்பு மேடாகச் சாம்பல் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். ஆடிக் காற்றில் அது பறந்து, இரு சக்கர வாகனத்தில் போகிறவர் கண்ணிலும், காயப்போட்ட துணியிலும், அடுத்த வயலின் பயிரிலும் படிகிறது.

இந்தச் சாம்பலுக்கு இப்போது ஒரு மவுசு வந்திருக்கிறது. ‘உமிச்சாம்பலைக் கலந்தால் சிமென்ட் மிச்சம், கான்கிரீட்டும் கெட்டியாக நிற்கும்’ என்பதுதான் பேச்சு. ஆலையில் சாம்பலைச் சும்மாவே கொடுக்கிறார்கள். சிமென்ட் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. சொந்தமாக வீடோ, மாட்டுக் கொட்டகையோ கட்டத் தொடங்கும் சிறு விவசாயிக்கு ஆசை வருவது இயல்புதான்.

இந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால், முழு உண்மை இல்லை. நல்ல உமிச்சாம்பல், சிமென்ட்டில் ஒரு பங்குக்குப் பதிலாக நின்று கான்கிரீட்டை வலுவாக்கும். கெட்ட சாம்பலோ, கலவையில் வண்டல் மண்ணை அள்ளிப் போட்டதற்குச் சமம். இரண்டும் ஒரே உமியிலிருந்துதான் வருகின்றன. எரித்த விதத்தில்தான் வேறுபாடு இருக்கிறது.

பெரியாறு அணையில் இருக்கும் அதே சூத்திரம்

சாம்பல் எப்படி சிமென்ட் வேலையைச் செய்யும்? இதைப் புரிந்துகொள்ள முல்லைப் பெரியாறு அணையை நினைத்துக்கொள்ளலாம். தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களுக்குத் தண்ணீர் தரும் அந்த அணை, 1895-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டியது சிமென்ட்டால் அல்ல. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த கலவைதான் கல்லோடு கல்லைப் பிடித்து வைத்திருக்கிறது. சுர்க்கி என்பது செங்கல்லை இடித்துச் சலித்த தூள். சுடுமண் தூளில் உள்ள சிலிக்காவும் சுண்ணாம்பும் தண்ணீரின் முன்னிலையில் சேர்ந்து கல்லாக இறுகுகின்றன. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலை வைத்துச் செய்ததும் இதைத்தான்.

சிமென்ட்டிலும் இதே வேலை நடக்கிறது. சிமென்ட்டில் தண்ணீர் பட்டதும் இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, மணலையும் ஜல்லியையும் பிடித்துவைக்கும் பசை. இன்னொன்று, நீர்த்த சுண்ணாம்பு. இறுகிய சிமென்ட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சுண்ணாம்புதான். அதனால் வலுவுக்குப் பெரிய உதவி இல்லை. தண்ணீர் ஊறும்போது கரைந்து வெளியேறி, சுவரில் வெள்ளைப் பூப்பாகப் படிவதும் இதுதான்.

இந்த இடத்தில் நல்ல சிலிக்கா தூளைச் சேர்த்தால், அது சும்மா கிடக்கும் சுண்ணாம்பைப் பிடித்து, கூடுதல் பசையாக மாற்றிவிடுகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் நுண்ணிய துளைகள் அடைபடுகின்றன. தண்ணீரும் உப்பும் உள்ளே போவது குறைகிறது. கடலோரத்திலும் உவர்ப்பான இடங்களிலும் கம்பி துருப்பிடித்துத் தளம் பெயர்ந்து விழுவதற்கு முக்கியக் காரணமே உப்புதான். அதனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற பகுதிகளுக்கு இந்தக் குணம் பெரிய லாபம்.

உமிக்குள் எப்படி வந்தது சிலிக்கா?

நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவைத் தாராளமாக உறிஞ்சும் பயிர். உறிஞ்சியதில் கணிசமான பங்கை நெல்மணியின் மேல்தோலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உமி சொரசொரப்பாக இருப்பதற்கும், மாடு அதைத் தின்னாததற்கும், மண்ணில் போட்டால் சீக்கிரம் மக்காததற்கும் இதுதான் காரணம்.

நெல்லின் எடையில் சுமார் 20 சதவிகிதம் உமி. அந்த உமியை எரித்தால், அதன் எடையில் சுமார் 18 முதல் 20 சதவிகிதம் சாம்பலாக மிஞ்சும். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவிகிதம் சிலிக்காதான். வேறு எந்தப் பயிர்க்கழிவின் சாம்பலிலும் இவ்வளவு சிலிக்கா கிடைப்பது அபூர்வம்.

அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த, இந்தியாவில் பிறந்த பி.கே.மேத்தா, 1970-களிலேயே இந்தச் சாம்பலை வைத்து சிமென்ட் தயாரிக்கும் முறையை ஆராய்ந்து காப்புரிமை பெற்றார். அதே காலகட்டத்தையொட்டி, ஐ.ஐ.டி. கான்பூரில் பி.சி.கபூர், கிராமத்திலேயே உமியை அளவான சூட்டில் எரிப்பதற்கான கம்பிவலைக் கூடை அடுப்பை உருவாக்கினார். கூடையின் நடுவில் காற்றுப் போக ஒரு குழாய், சுற்றிலும் உமி. இதுதான் அதன் அமைப்பு. ஆக, இது நேற்று முளைத்த செய்தியல்ல. அரை நூற்றாண்டுக் கால ஆய்வு இதன் பின்னால் இருக்கிறது.

கரி, சாம்பல், வெந்து கெட்ட சாம்பல்

உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறைக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மூட்டம் போட்டு, காற்றுப் புகாமல் உமியைக் கருக்கினால் கிடைப்பது கரி. அது கறுப்பாக இருக்கும். காற்றோட்டத்தோடு முழுக்க எரிந்து அடங்கினால் கிடைப்பது சாம்பல். அது சாம்பல் நிறத்தில் இருக்கும். ஆலைக் கொதிகலனிலிருந்து வருவது பெரும்பாலும் இரண்டும் கலந்த சரக்கு. கொதிகலனின் வேலை ஆவி தருவது மட்டுமே. சாம்பலின் தரத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

இதில் மூன்று நிலைகளைக் கவனிக்க வேண்டும்.

1. அரைகுறையாக எரிந்தது: கறுப்பு நிறம். உள்ளே கரி நிறைய இருக்கும். கரி, பஞ்சு போலத் தண்ணீரைக் குடிக்கும். கலவை வறண்டுபோகும். கொத்தனார் இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். அந்தத் தண்ணீர் பிறகு ஆவியாகி, கான்கிரீட்டுக்குள் ஓட்டைகளை விட்டுச் செல்லும்.

2. அளவாக எரிந்தது: 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் சூட்டில், போதிய காற்றோடு எரிந்த சாம்பல். இதிலுள்ள சிலிக்கா, கண்ணாடியைப் போல ஒழுங்கில்லாத அமைப்பில் இருக்கும். சுண்ணாம்போடு வேகமாகச் சேரும். சிமென்ட்டுக்கு வேண்டியது இதுதான்.

3. அதிகச் சூட்டில் வெந்தது: 800 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால், அதே சிலிக்கா படிகமாக மாறிவிடும். பிறகு அது ஆற்று மணலைப் போலத்தான். சுண்ணாம்போடு எளிதில் சேராது. நிறம் வெளுப்பாகவோ, இளஞ்சிவப்பாகவோ இருக்கலாம். ‘வெள்ளையாக இருக்கிறது, அதனால் நல்ல சாம்பல்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, உமிச்சாம்பலைப் பயன்படுத்த இடம் கொடுத்திருக்கிறது. ஆனால், பொறுப்பிலுள்ள அதிகாரியின் ஒப்புதலோடுதான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. ஒவ்வோர் இடத்துச் சாம்பலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வண்டலைப் போலக் கெடுதல் செய்யக்கூடும் என்றும் எச்சரிக்கிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்

சாம்பல் நல்லது என்று வீட்டுச் சோதனையால் உறுதி செய்ய முடியாது. ஆனால், கெட்ட சாம்பலை முதலிலேயே ஒதுக்கிவிட முடியும்.

கரிச் சோதனை: சாம்பலை நன்றாக வெயிலில் காயவைத்து, பிறகு வாணலியில் லேசாக வறுத்து ஈரத்தைப் போக்க வேண்டும். அதில் சரியாக 100 கிராம் எடுத்து, இரும்புத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, தட்டு செக்கச் சிவக்கும் அளவு சூட்டில் ஒரு மணி நேரம் கிளறிவிட வேண்டும். ஆறிய பிறகு எடை போட்டால், குறைந்த எடை எரிந்துபோன கரியின் எடை. நிலக்கரிச் சாம்பலுக்கான இந்தியத் தர விதிப்படி, இப்படி எரிந்து குறையும் எடை 5 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் போனால், அந்தச் சாம்பலை விட்டுவிடுவது நல்லது.

சுண்ணாம்புச் சோதனை: எடைக்கணக்கில் 1 பங்கு நீர்த்த சுண்ணாம்புத் தூள், 2 பங்கு அரைத்த சாம்பல் எடுத்து, அளவாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, எலுமிச்சை அளவில் சில உருண்டைகள் செய்ய வேண்டும். சாம்பலுக்குப் பதில் நைசான மணல் சேர்த்து இன்னும் சில உருண்டைகள் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஈரச் சாக்கில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி 4 வாரம் வைத்திருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் தண்ணீரில் போட வேண்டும். நல்ல சாம்பல் உருண்டை கரையாமல், நகத்தால் கீற முடியாத அளவு கெட்டியாக நிற்கும். மணல் உருண்டையைப் போலவே சாம்பல் உருண்டையும் உதிர்ந்தால், அந்தச் சாம்பலுக்கு வேலை செய்யும் திறன் இல்லை. சுண்ணாம்பைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

இந்த இரண்டிலும் தேறிய சாம்பலைத்தான் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் உள்ள கட்டடவியல் ஆய்வகங்களில், கட்டணம் செலுத்தி கான்கிரீட் கட்டிகளின் வலுவைச் சோதித்துக்கொள்ளலாம். சாம்பல் கலக்காத கட்டி 3, சாம்பல் கலந்த கட்டி 3 என வார்த்து, 28 நாள் தண்ணீரில் வைத்து உடைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

பலரும் கோட்டை விடும் இடம் இது. கடையில் கிடைக்கும் சிமென்ட்டில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. மூட்டையில் ஓ.பி.சி. என்று போட்டிருந்தால் அது கலப்பில்லாத சாதாரண சிமென்ட். பி.பி.சி. என்று போட்டிருந்தால் அதில் ஏற்கெனவே சாம்பல் இருக்கிறது என்று பொருள். அனல்மின் நிலையங்களில் நிலக்கரியை எரிக்கும்போது பறக்கும் சாம்பலைத்தான் அதில் சேர்க்கிறார்கள். இந்தியத் தர விதிப்படி பி.பி.சி.யில் இந்தச் சாம்பல் 15 முதல் 35 சதவிகிதம் வரை இருக்கலாம். அளவையும் நுண்மையையும் தொழிற்சாலையிலேயே சோதித்துக் கலக்கிறார்கள் என்பதால் அதில் பயம் இல்லை.

ஆனால், வீடு கட்டுகிறவர் வாங்குவது பெரும்பாலும் இந்த பி.பி.சி.தான். அதில் மேலும் 10 சதவிகிதம் உமிச்சாம்பலைச் சேர்த்தால் என்ன ஆகும்? மூட்டையில் 30 சதவிகிதம் நிலக்கரிச் சாம்பல் என்று வைத்துக்கொண்டால், உண்மையான சிமென்ட் பங்கு 70-லிருந்து 63-ஆகக் குறைகிறது. இருக்கும் சுண்ணாம்பு ஏற்கெனவே உள்ள சாம்பலுக்கே சரியாகப் போய்விடும். புதிதாக வந்த சாம்பலுக்குப் பிடிக்கச் சுண்ணாம்பு மிஞ்சாது. ஆய்வுகளில் 10 சதவிகிதம், 15 சதவிகிதம் என்று சொல்லும் அளவெல்லாம் பெரும்பாலும் ஓ.பி.சி.யை வைத்துப் பார்த்தவை. ஆகவே, பி.பி.சி.யில் உமிச்சாம்பலைக் கலக்கவே கூடாது.

கலக்கும் முறை

சோதனையில் தேறிய சாம்பல், ஓ.பி.சி. சிமென்ட், தளமோ தூணோ அல்லாத வேலை. இந்த மூன்றும் அமைந்தால் மட்டும் கீழுள்ள முறைக்குப் போகலாம்.

1. அரைக்க வேண்டும். ஆலையிலிருந்து வரும் சாம்பல், உமியின் வடிவத்திலேயே துகளாக இருக்கும். அப்படியே போட்டால் பயன் இல்லை. இரும்புக் குண்டுகள் உருளும் அரவை உருளையில், சிமென்ட் அளவுக்கு நைசாக அரைக்க வேண்டும். மாவு மில்லில் அரைக்கவே கூடாது. சிலிக்கா, அரவைக் கல்லைத் தேய்த்துவிடும். அடுத்து அரைபடும் மாவிலும் கலந்துவிடும்.

2. எடை போட்டுக் கலக்க வேண்டும். சாம்பல் சிமென்ட்டைவிட மிகவும் இலேசானது. ஒரு சட்டி சிமென்ட்டின் எடையும் ஒரு சட்டி சாம்பலின் எடையும் ஒன்றல்ல. 10 சதவிகிதம் என்றால் 45 கிலோ சிமென்ட்டுக்கு 5 கிலோ சாம்பல். தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

3. 10 சதவிகிதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நல்ல சாம்பலை 15, 20 சதவிகிதம் வரைகூட ஆய்வகங்களில் கலந்திருக்கிறார்கள். அங்கே தண்ணீரையும் நுண்மையையும் கிராம் கணக்கில் கட்டுப்படுத்துகிறார்கள். கிராமத்துக் கலவைக்கு 10 போதும்.

4. முதலில் சிமென்ட்டையும் சாம்பலையும் உலர்ந்த நிலையில், ஒரே நிறமாக வரும்வரை கலந்த பிறகே மணல், ஜல்லி சேர்க்க வேண்டும்.

5. தண்ணீரைக் கூட்டக் கூடாது. சாம்பல் சேர்ந்த கலவை சற்று இறுக்கமாகத்தான் இருக்கும். இளக்கம் வேண்டுமென்றால் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிசைசர் திரவத்தை, அதன் டப்பாவில் குறிப்பிட்ட அளவில் சேர்க்கலாம்.

6. 14 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். சாதாரண சிமென்ட்டுக்கு 7 நாள் என்பது குறைந்தபட்ச விதி. சாம்பல் கலந்தால் குறைந்தது 10 நாள். 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. சாம்பலும் சுண்ணாம்பும் சேர்வது மெதுவாக நடக்கும் வேலை. நடுவில் காய்ந்தால் அந்த வேலை அப்படியே நின்றுவிடும்.

எங்கே போடலாம், எங்கே கூடாது?

போடக்கூடிய இடங்கள்: மாட்டுக் கொட்டகைத் தரை, நெற்களம், வீட்டைச் சுற்றிய நடைபாதை, மண்புழு உரத் தொட்டியின் சுவர்க் கலவை, வாய்க்காலின் கரைப்பூச்சு, சுமை தாங்காத சிமென்ட் கற்கள்.

போடக் கூடாத இடங்கள்: மேல்தளம், உத்திரம், தூண், அஸ்திவாரக் கான்கிரீட், படிக்கட்டு, கிணற்று உறை, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. கம்பி கட்டி வார்க்கும் எந்த வேலையானாலும், பொறியாளர் சோதனை முடிவைப் பார்த்து எழுத்தில் ஒப்புதல் தராமல் சாம்பலைச் சேர்க்கக் கூடாது. அரசு வீட்டுத் திட்டத்தில் கட்டுகிறவர்கள், ஆய்வுக்கு வரும் பொறியாளரிடம் சொல்லாமல் கலப்பது இன்னும் ஆபத்து.

மிச்சம் எவ்வளவு?

600 சதுர அடி வீட்டுக்கு 5 அங்குல கனத்தில் தளம் போடுவதாக வைத்துக்கொள்வோம். கான்கிரீட் சுமார் 7 கன மீட்டர் தேவை. கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் 56 மூட்டை சிமென்ட். அதில் 10 சதவிகிதம் சாம்பல் என்றால் மிச்சமாவது 5 முதல் 6 மூட்டை. மூட்டை 400 ரூபாய் என்று வைத்தாலும் 2,200 முதல் 2,300 ரூபாய்தான். சாம்பலை அரைக்கும் கூலியும் வண்டி வாடகையும் இதில் கழிய வேண்டும். கம்பி, ஜல்லி, சென்ட்ரிங் பலகை, ஆள்கூலி என்று ஒரு தளத்துக்கு ஆகும் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. இதற்காகக் குடும்பம் படுத்துறங்கும் கூரையைப் பணயம் வைக்க வேண்டுமா?

நெல் விளைவித்தவரின் பக்கமிருந்தும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 40 என்றால் 2,400 கிலோ நெல். அதில் உமி 480 கிலோ. சாம்பல் அதிகபட்சம் 96 கிலோ. அதாவது, ஒரு ஏக்கர் நெல்லின் சாம்பல் 2 மூட்டை சிமென்ட்டுக்குக்கூட ஈடாகாது. தனி விவசாயிக்கு இது வருமானம் அல்ல.

அளவு பெருகும்போதுதான் கணக்கு மாறுகிறது. நாளொன்றுக்கு 50 டன் நெல் அரைக்கும் ஆலையில் 10 டன் உமி கிடைக்கும். அதை முழுக்க எரித்தால் 2 டன் சாம்பல். மாதம் 25 நாள் ஓடினால் 50 டன். இது 1,000 மூட்டை சிமென்ட்டின் எடை. சிமென்ட் விலை சாம்பலுக்குக் கிடைக்காது என்றாலும், இன்றைக்குக் குழியில் கொட்டும் சரக்குக்கு ஒரு விலை வரும். ஊருக்கும் தூசுத் தொல்லை குறையும். நாட்டுக்கும் லாபம்தான். ஒரு டன் சிமென்ட் கிளிங்கரை 1,450 டிகிரி சூட்டில் சுட்டெடுக்கும்போது 800 முதல் 900 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. சாம்பல் ஈடுகட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் அந்த அளவு புகை மிச்சம்.

அரிசி ஆலை நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதை யோசிக்கலாம். ஆனால், வரிசை முக்கியம். முதலில் ஒரு வருடத்துக்கு மாதம் ஒருமுறை சாம்பலைச் சோதித்து, தரம் ஒரே சீராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அருகில் நடைபாதைக் கல், சிமென்ட் கல் தயாரிக்கும் பட்டறைகளோடு பேசி, வாங்குவதற்கு எழுத்தில் உறுதி பெற வேண்டும். அரவை இயந்திரம் வாங்குவது கடைசியாகத்தான். ‘மெஷினை வாங்குங்கள், சாம்பலை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்று யாராவது வந்தால், முன்பணமும் ஒப்பந்தமும் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஈமு கோழி விஷயத்தில் இப்படி வந்த ஆசை வார்த்தைகளுக்குக் கொடுத்த விலை கொங்கு மண்டலத்துக்குத் தெரியும்.

கரும்புச் சக்கைச் சாம்பலும் உண்டு

சர்க்கரை ஆலைகளில் எரிக்கும் கரும்புச் சக்கையின் சாம்பலுக்கும் இதே குணம் ஓரளவு உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சியாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சக்கைச் சாம்பலில் எரியாத நார்த் துகள்கள் கலந்திருக்கும். அதை 300 மைக்ரான் சல்லடையில் சலித்து நாரை நீக்கிவிட்டு, சிமென்ட் அளவுக்கு நைசாக அரைத்தால் நன்றாக வேலை செய்கிறது என்று கண்டறிந்தார்கள். சலிக்காமல் போட்டால் அந்தப் பலன் இல்லை. மலேசியாவில் எண்ணெய்ப்பனைக் கழிவின் சாம்பலையும் இப்படி ஆராய்ந்து பயன்படுத்துகிறார்கள். எந்தச் சாம்பலானாலும் பாடம் ஒன்றுதான். சரியாக எரித்து, சலித்து, அரைத்து, சோதித்த பிறகே அது சிமென்ட்டுக்குத் துணையாகும்.

தூசியில் கவனம்

உமிச்சாம்பல் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. அதிகச் சூட்டில் படிகமான சிலிக்கா, நுரையீரலில் தங்கிப் புண்ணாக்கும். கல்குவாரித் தொழிலாளர்களைத் தாக்கும் சிலிகோசிஸ் நோய்க்குக் காரணம் இதே பொருள்தான். படிகச் சிலிக்கா தூசி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் வகைப்படுத்தியிருக்கிறது. சாம்பலை அள்ளும்போது முகத்தில் துண்டைக் கட்டினால் போதாது. தூசியை வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். குவியலின் மேல் தண்ணீர் தெளித்து வைப்பதும், குழந்தைகளை அருகில் விடாமலிருப்பதும் அவசியம்.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

கேள்வி: அறுவடைக்குப் பிறகு வயலில் எரித்த வைக்கோல் சாம்பலைச் சிமென்ட்டில் கலக்கலாமா?

பதில்: கூடாது. வைக்கோல் சாம்பலில் சாம்பல்சத்தும் குளோரைடும் அதிகம். குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். வயலில் எரிக்கும்போது சூடும் ஒரே சீராக இருக்காது. வைக்கோலை எரிப்பதைவிட, மாட்டுக்கோ மக்குக் குழிக்கோ கொண்டுபோவதுதான் லாபம்.

கேள்வி: வீட்டு விறகடுப்புச் சாம்பல் ஆகுமா?

பதில்: ஆகாது. அதில் சிலிக்கா குறைவு. சுண்ணாம்பும் சாம்பல்சத்தும்தான் அதிகம். அது சிமென்ட்டின் வேலையைச் செய்யாது. தென்னை, வாழைக்கு அளவாக இடலாம். மக்குக் குழியில் சேர்க்கலாம். களர் நிலத்தில் மட்டும் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: சுவர்ப் பூச்சுக்கு உமிச்சாம்பல் சேர்க்கலாமா?

பதில்: தேறிய, அரைத்த சாம்பலை ஓ.பி.சி.யோடு 10 சதவிகிதம் வரை சேர்க்கலாம். முதலில் கொல்லைப்புறச் சுவரில் ஒரு சதுர மீட்டர் பூசி, 14 நாள் ஈரம் வைத்து, ஒரு மாதம் கழித்து வெடிப்பு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கரி மிகுந்த சாம்பல் பூச்சில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும்.

கேள்வி: ஏற்கெனவே ஆலைச் சாம்பலைக் கலந்து தளம் போட்டாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

பதில்: பதற்றம் வேண்டாம், ஆனால், அலட்சியமும் வேண்டாம். கட்டடப் பொறியாளரை அழைத்து, சுத்தியல் போன்ற கருவியால் மேற்பரப்பைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர் சோதனை செய்யச் சொல்லலாம். சந்தேகம் இருந்தால் சிறிய உருளையாகத் துளையிட்டு எடுத்து வலுவைச் சோதிக்கலாம். முடிவு தெரியும்வரை அதன் மேல் இன்னொரு மாடி கட்டுவதோ, தண்ணீர்த் தொட்டி வைப்பதோ, நெல் மூட்டைகளை அடுக்குவதோ கூடாது. புதிதாக வெடிப்பு, ஒழுகல், அடிப்பக்கம் பொடியாக உதிர்தல் தெரிந்தால், கீழே முட்டுக் கொடுத்துவிட்டு அங்கே படுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: சோதனையில் தேறாத கறுப்புச் சாம்பலை என்ன செய்யலாம்?

பதில்: கருகிய உமியை நாற்றங்காலில் இடுவது பழைய வழக்கம்தான். மண்ணை இலகுவாக்கும், நாற்றுப் பறிக்கச் சுலபமாக இருக்கும். மக்குக் குழியில் சாணத்தோடு அடுக்கடுக்காகப் போடலாம். செங்கல் சூளைக்காரர்கள் களிமண்ணோடு சேர்க்க வாங்குவதுண்டு. காற்றில் பறக்க விடுவதும், வாய்க்காலில் கொட்டுவதும்தான் கூடாது.